இரண்டு ரங்கநாயகிகள்
புதுக்கோட்டை இசைமரபில் கருவியும் கையும் இருக்கையும்

1. கேள்வி

திருக்கோகர்ணம் இன்று புதுக்கோட்டை நகரோடு சேர்ந்துவிட்ட பகுதி. தொண்டைமான் மன்னர்கள் குலதெய்வமாகப் போற்றிய பிரகதாம்பாள் கோயிலும், 1910இல் தொடங்கப்பட்ட அருங்காட்சியகமும் அங்கே இருக்கின்றன. தென்னிந்திய இசை வரலாற்றில் இந்தச் சிறிய ஊரின் பெயர் இரண்டு பெண்களோடு பிணைந்திருக்கிறது. இருவருக்கும் ஒரே பெயர். ஒருவர் திருக்கோகர்ணம் ரங்கநாயகி அம்மாள். கர்நாடக இசையில் மிருதங்கம் வாசித்த முதல் பெண் என்று அறியப்படுபவர். மற்றவர் ரங்கநாயகி ராஜகோபாலன். திருக்கோகர்ணத்தில் பிறந்து காரைக்குடியால் பெயர்பெற்ற வீணை மேதை சாம்பசிவ ஐயரின் முதன்மை மாணவி.

ஒருவர் கையில் தோல், மற்றவர் கையில் தந்தி. வீணைக்காரருக்குப் பின்னால் பெண்கள் வரிசையாக வந்தார்கள். மிருதங்கக்காரர் நெடுங்காலம் ஒற்றை மரமாகவே நின்றார். ஒரே ஊர்க்காற்றில் வளர்ந்த இரண்டு வித்தைகளுக்கு ஏன் இப்படி வேறுவேறு கதி நேர்ந்தது? இக்கட்டுரை ஆராயும் கேள்வி இதுதான்.

இந்தக் கேள்வி நம் ஊருக்கு மட்டும் உரியதன்று. ராக் இசையிலும் நாட்டார் இசையிலும் கிதாரைக் கையிலெடுத்த முன்னோடிப் பெண்கள் பற்றி மேலை நாடுகளில் கடந்த சில பத்தாண்டுகளாக எழுதிவருகிறார்கள். அந்த வரலாறு நம்முடையதற்கு எங்கே துணை நிற்கிறது, எங்கே விலகுகிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

2. பாறையில் எழுதிய தந்தி

புதுக்கோட்டைக்கும் தந்திக் கருவிக்கும் உள்ள உறவு பழையது. குடுமியான்மலையில் மேலைக்கோயில் குடைவரையை அடுத்த பாறைச் சரிவில், ஏழாம் நூற்றாண்டு எழுத்தமைதியில் ஒரு நீண்ட இசைக்கல்வெட்டு இருக்கிறது. ஏழு கிராம ராகங்களுக்கு உரிய சுரக்கோவைகளை அது தருகிறது. உருத்திராசாரியரின் மாணவரான, சிவபக்தியில் மிக்க ஓர் அரசன் மாணவர்களின் நன்மைக்காக இவற்றை அமைத்ததாக அதன் இறுதிப் பகுதி கூறும். அவன் மகேந்திரவர்ம பல்லவனே என்று முன்னர் பலர் கொண்டனர். இப்போது அதை உறுதியாக ஏற்பவர் குறைவு. இவை ஏழுக்கும் எட்டுக்கும் உரியவை என்று ஒரு தமிழ்க் குறிப்பும் அங்கே உண்டு. ஏழு, எட்டு என்றது தந்திகளின் எண்ணிக்கையையா, வேறொன்றையா என்பதில் அறிஞர்கள் ஒத்த கருத்துக்கு வரவில்லை. பக்கத்திலேயே ‘பரிவாதினி’ என்ற சொல்லும் வெட்டப்பட்டிருக்கிறது. அது ஏழு தந்தி வீணையின் பெயர். அதே சொல்லைத் திருமயத்திலும் மலையக்கோயிலிலும் காணலாம்.

கல்வெட்டு அரசனைச் சொல்கிறது, ஆசானைச் சொல்கிறது, மாணவர்களைச் சொல்கிறது. அந்த மாணவர்கள் ஆண்களா பெண்களா என்பதற்கு அதில் விடை இல்லை. இல்லாத விடையை நாமே எழுதிக்கொள்ளக் கூடாது. ஆனால் தந்திக் கருவியோடு பெண் அமரும் காட்சி தமிழ் நினைவுக்குப் புதிதல்ல என்பதற்குச் சிலப்பதிகாரம் போதும். கானல்வரியில் யாழ் மாதவியின் கையிலிருந்து கோவலனின் கைக்குப் போகிறது, மறுபடி அவள் கைக்கு வருகிறது. அவன் வாசித்துப் பாடியது அவளுக்கு ஐயத்தைத் தந்தது. ஆனாலும் அவள் எழுந்து போகவில்லை. அவள் பாடியது அவனுக்கு ஐயத்தைத் தந்ததும் அவன் பிரிந்து போனான். கருவி ஒன்றே. யார் கையில் இருந்தது என்பதுதான் கதையின் போக்கைத் தீர்மானித்தது. இந்த இடத்தைப் படிக்கும்போதெல்லாம், ஒரு கலைஞராக மாதவிக்கு நேர்ந்ததை நாம் போதிய அளவு பேசவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது.

3. திருக்கோகர்ணத்தின் இரு வழிகள்

புதுக்கோட்டை என்றதும் இசை அறிந்தவர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது லயம். மான்பூண்டியா பிள்ளை கஞ்சிராவுக்குக் கச்சேரி மேடையில் இடம் வாங்கித் தந்தவர். உடும்புத் தோல் போர்த்திய அந்தச் சிறிய வளையம் நாட்டார் தப்புக் கருவிகளின் உறவு. அதை வைத்துக்கொண்டு கணக்கு வழக்குகளில் மிருதங்கத்தோடு சரிக்குச் சரி நின்று காட்டினார். அவருடைய மாணவர் தட்சிணாமூர்த்திப் பிள்ளை மிருதங்கம், கஞ்சிரா இரண்டிலும் வல்லவர், 1936இல் மறைந்தார். மற்றொரு மாணவரான பழனி முத்தையா பிள்ளையின் மகன்தான் பழனி சுப்பிரமணிய பிள்ளை. இந்த வழியைப் ‘புதுக்கோட்டைப் பாணி’ என்பார்கள். தஞ்சாவூர்ப் பாணிக்கு இணையாக வைத்துப் பேசப்படுவது.

வீணை வழி காரைக்குடிச் சகோதரர்களுடையது. சுப்பராம ஐயரும் சாம்பசிவ ஐயரும் புதுக்கோட்டை அரண்மனையோடு தொடர்புள்ள வைணிகக் குடும்பத்தில் பிறந்தவர்கள். மூத்தவர் வீணையைச் செங்குத்தாக நிறுத்தி வாசிப்பார். இளையவர் வழக்கம்போல் கிடையாக மடியில் ஏந்துவார். இவர்களுடைய கச்சேரிகளுக்கு மிருதங்கம் வாசித்தவர்களில் தலையானவர் தட்சிணாமூர்த்திப் பிள்ளை. இந்த ஒரு செய்தியை வாசகர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். ஒரே மேடையில் பக்கம்பக்கமாக இருந்த வித்தைகள் இவை. அந்த மேடையின் ஒரு பக்கத்திலிருந்து ஒரு ரங்கநாயகியும் மறுபக்கத்திலிருந்து இன்னொரு ரங்கநாயகியும் வந்தார்கள்.

4. தோல் பிடித்த கை

ரங்கநாயகி அம்மாள் பிறந்தது 1910இல். தந்தை சிவராமன் நட்டுவனார். நட்டுவனார் வீட்டுக் குழந்தைக்குச் சொற்கட்டு என்பது பாடத்தில் வந்து சேரும் பொருள் அல்ல. தட்டுக்கழி ஓசையோடும் ஜதியோடும் அது வீட்டுப் பேச்சாகவே காதில் விழும். சதிர் ஆடும் பெண்ணும், பாடும் பெண்ணும், தாளம் போடுபவரும், மத்தளம் வாசிப்பவரும் ஒரே குடும்ப வட்டத்தில் இருந்த காலம் அது. தட்சிணாமூர்த்திப் பிள்ளை இந்தப் பெண்ணை மாணவியாக ஏற்றுக்கொண்டார். அவர் மறைந்தபோது ரங்கநாயகிக்கு வயது இருபத்தாறு. ஆகவே அவருடைய பயிற்சி முழுவதும் 1936க்கு முற்பட்டது. பெண்கள் பொதுமேடையில் பாடுவதே பெரும் பேச்சாக இருந்த ஆண்டுகளில் ஒரு பெண் மிருதங்கத்தை மடியில் வைத்திருக்கிறார். அவர் 1998இல் மறைந்தார்.

இந்த நிகழ்வைப் ‘புரட்சி’ என்று எழுதிவிடுவது எளிது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. நட்டுவாங்க மரபு, அதில் பெண்ணுக்கு இருந்த தொழில்முறை இடம், திறமையைக் கண்டுகொண்ட ஓர் ஆசான் ஆகிய மூன்றும் ஒரே இடத்தில் கூடியதால்தான் இது நடந்தது. அந்த மூன்றும் அடுத்த சில பத்தாண்டுகளில் கலைந்தன.

கலைந்த விதத்தையும் புதுக்கோட்டையிலிருந்தே பார்க்கலாம். முத்துலட்சுமி ரெட்டி 1886இல் இங்கே பிறந்தார். தாய் சந்திரம்மாள் தேவதாசி மரபைச் சேர்ந்தவர். தந்தை நாராயணசாமி ஐயர் மகாராஜா கல்லூரியின் முதல்வர். ஆண்களே படித்த அந்தக் கல்லூரியில் மன்னரின் அனுமதியோடு முத்துலட்சுமி சேர்ந்தார். மருத்துவரானார், சட்டமன்றத்துக்குச் சென்றார், தேவதாசி முறைக்கு எதிராகப் போராடினார். 1947இல் சென்னை மாகாணத்தில் ஒழிப்புச் சட்டம் வந்தது. அந்த முறையில் பெண்கள் பட்ட துன்பத்தைக் கண்முன் கண்டவர் அவர். அவருடைய போராட்டத்தின் நியாயத்தை நான் ஐயுறவில்லை. ஆனால் பெண் இசையைத் தொழிலாகக் கொண்டு வாழ்ந்த ஒரே அமைப்பும் அதோடு போயிற்று. அதற்கு ஈடாகப் புதிய மேடை ஒன்று உருவானபோது அதில் பாடகியருக்கு இடம் கிடைத்தது, நடனமணிகளுக்கு இடம் கிடைத்தது. மத்தளக்காரிக்கு யாரும் இடம் ஒதுக்கவில்லை. 1948இல் புதுக்கோட்டை சமஸ்தானம் இந்திய ஒன்றியத்தோடு இணைந்தபின் அரண்மனை ஆதரவும் முடிந்தது.

5. தந்தி பிடித்த கை

வீணையின் கதை வேறு. கலைமகள் கையில் வீணையோடு ரவிவர்மா தீட்டிய படம் அச்சாகி வீட்டுக்கு வீடு தொங்கியது. நடுத்தர வகுப்பு வீடுகளில் பெண் பார்க்க வருபவர்கள் முன்னால் பெண் பாடவோ வீணை வாசிக்கவோ வேண்டும் என்பது வழக்கமாயிற்று. வீணை ‘பெண்ணுக்கு ஏற்ற’ கருவி ஆனது இப்படித்தான். இதற்கு முன்பே வீணை தனம்மாள் (1867–1938) சென்னையில் தம் வீட்டிலேயே வெள்ளிக்கிழமை மாலைகளில் வாசித்து, பெரிய வித்துவான்களைத் தம் வாசலுக்கு வரவைத்தார். அவர் தேவதாசி மரபில் வந்தவர். அந்த வீணைக்கும் பெண்பார்க்கும் படலத்து வீணைக்கும் இடையே உள்ள தொலைவை இசை வரலாறு எழுதுபவர்கள் பெரும்பாலும் மழுப்பிவிடுகிறார்கள்.

ரங்கநாயகி ராஜகோபாலன் (1932–2018) இந்த இரண்டு வகையிலும் சேராதவர். மிகச் சிறு வயதிலேயே சாம்பசிவ ஐயர் வீட்டில் குருகுலவாசத்துக்குப் போனவர். அந்த வீட்டுப் பயிற்சியின் கடுமை இசையுலகம் அறிந்தது. மீட்டுக்கு மீட்டு சுத்தம், தாள நிர்ணயம், வேகம் என்று காரைக்குடி பாணிக்கு எவையெல்லாம் அடையாளமோ அவை அவர் கையில் இருந்தன. அது கொலுப்பொம்மைக்குப் பக்கத்தில் வைக்கும் வீணை அல்ல. 1952இல், சங்கீத நாடக அகாதெமி விருதுகளின் முதல் வரிசையிலேயே சாம்பசிவ ஐயர் விருது பெற்றார், கலாக்ஷேத்திராவில் கற்பித்தார். அவர் குடும்பத்தின் ஒன்பதாம் தலைமுறையைச் சேர்ந்த ராஜேஸ்வரி பத்மநாபனும் அங்கிருந்து பல மாணவியரை உருவாக்கினார். வழி தொடர்ந்தது. ஆனால் வீணை பெண்களின் கருவி என்று பெயரெடுத்த அதே காலத்தில்தான் சபாக்களின் முக்கிய நேரங்களிலிருந்து தனி வீணைக் கச்சேரி ஒதுங்கத் தொடங்கியது. பெண்கள் எடுத்ததால் மதிப்புக் குறைந்ததா, மதிப்புக் குறைந்ததால் பெண்களுக்கு விடப்பட்டதா? ஒலிபெருக்கி வந்ததும், வாய்ப்பாட்டு முதன்மை பெற்றதும் காரணங்களில் சேரும். எனினும் முதல் காரணத்தை முற்றிலும் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை.

6. விரல் என்னும் வாதம்

தாளக் கருவிகள் பெண்ணுக்கு ஆகா என்பதற்குச் சொல்லப்படும் முதல் காரணம் உடல். பெண்ணின் விரல் மென்மையானது, மிருதங்கத்தின் வலந்தலையின் அடியைத் தாங்காது என்பார்கள். வீணையைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இந்த வாதம் நிற்காது. வீணையில் இருபத்துநான்கு மெட்டுகள். உலோகத் தந்தியை மெட்டின்மேல் அழுத்திப் பக்கவாட்டில் இழுத்தால்தான் கமகம் வரும். தொடக்கத்தில் இடக்கை விரல்களின் தோல் கிழியும். நாளடைவில் தந்தி படும் இடத்தில் கோடு விழுந்து காய்த்துப்போகும். அந்த வலியைத் தாங்கும் விரலுக்கு மிருதங்கத் தோல் மட்டும் எப்படி ஆகாது? பெண்ணின் விரலைக் கொண்டு வீணையைத் தடுத்தவர் எவரும் இல்லை.

கடக் கலைஞர் சுகன்யா ராம்கோபால் தம் அனுபவத்தைப் பொதுவெளியில் கூறியிருக்கிறார். கடம் கற்க விரும்பியபோது, பெண்ணின் விரலுக்கு அது கடினம் என்றுதான் கட மேதை விக்கு விநாயக்ராமும் முதலில் தயங்கினார். பிறகு விநாயக்ராமின் தந்தை ஹரிஹர சர்மா கற்றுக்கொடுத்தார். விரல் பழகிவிட்டது. அதற்குப் பின்னும், பெண் கடம் வாசித்தால் தாம் மேடையில் அமர மாட்டோம் என்ற மறுப்பைச் சுகன்யா சந்திக்க நேர்ந்தது. உடல் என்ற காரணம் முடிந்த இடத்தில் உண்மையான காரணம் வெளியே வந்தது.

இரண்டாவது காரணம் தீட்டு. மாட்டுத் தோலும் ஆட்டுத் தோலும் கொண்ட கருவி மிருதங்கம். மிருதங்கம் செய்யும் தொழிலாளர்கள் பெரும்பாலும் தலித் குடும்பத்தினர். தோலைப் பதப்படுத்துபவரை வாசலில் நிறுத்திய சாதிச் சமூகம், வாசிக்கும் ஆணை மேடையில் ஏற்றுக்கொண்டது. ஆணுக்கு விலக்கு அளிக்க முடிந்த தீட்டு பெண்ணுக்கு மட்டும் விலக்கு அளிக்கவில்லை என்றால், அதைச் சாத்திரம் என்று ஏற்பதற்கில்லை. வசதி என்றே கொள்ள வேண்டும்.

7. இருக்கை

என் கருத்தில் வேறுபாட்டின் வேர் கருவியில் இல்லை, இருக்கையில் இருக்கிறது. வீணைக் கலைஞர் மேடையின் நடுவில் அமர்பவர். தம் கச்சேரியைத் தாமே நடத்தலாம். மேடை கிடைக்காவிட்டால் தனம்மாளைப் போல வீட்டிலேயே வாசிக்கலாம். மிருதங்கக் கலைஞர் பக்கவாத்தியக்காரர். ஒருவர் கூப்பிட்டால்தான் அவருக்கு மேடை. கூப்பிடும் பாடகர், பக்கத்தில் அமரும் வயலின்காரர், ஏற்பாடு செய்யும் சபா ஆகிய மூவரும் ஒப்பினால்தான் அவருக்கு இருக்கை. மூவரில் ஒருவர் முகம் சுளித்தால் போதும். தலைசிறந்த மிருதங்க மேதைகளே பெண் பாடகர்களுக்கு வாசிக்காமல் இருந்தார்கள். பாலக்காடு மணி ஐயர் நெடுங்காலம் அப்படி இருந்துவிட்டுப் பிறகுதான் டி. கே. பட்டம்மாளுக்கு வாசித்தார். பெண்ணுக்கு வாசிப்பதே இழுக்கு என்றிருந்த இடத்தில் பெண்ணே வாசிப்பது எப்படி ஏற்கப்பட்டிருக்கும்?

கிதாரின் வரலாறு இந்தக் கருத்துக்கு வலுச் சேர்க்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் சிறிய உடல்கொண்ட கிதார் நடுத்தர வகுப்புப் பெண்களின் வரவேற்பறைக் கருவியாக இருந்தது. நம் வீணையைப் போலவேதான். பிறகு பாடிக்கொண்டே வாசிக்கும் பெண்கள் அதை வெளியே கொண்டுவந்தார்கள். மேபெல் கார்ட்டர் 1927இல் பிரிஸ்டல் ஊரில் நடந்த ஒலிப்பதிவில் குடும்பத்தோடு பாடியவர். கட்டைவிரலால் தாழ்ந்த தந்திகளில் மெட்டையும் மற்ற விரலால் மேல்தந்திகளில் தாளத்தையும் ஒருங்கே வாசித்த அவர் முறையை அமெரிக்க நாட்டார் இசையே பின்பற்றியது. ரோசெட்டா தார்ப் (1915–1973) தேவாலயத்தில் தாயோடு பாடி வளர்ந்த கறுப்பினப் பெண். மின்கிதாரை ஏந்தி அவர் வாசித்த பாங்கில்தான் ராக் அண்ட் ரோலின் ஊற்றைக் காண்கிறார்கள். ராக் அண்ட் ரோல் புகழ்மண்டபத்தில் அவர் பெயர் சேர்ந்தது 2018இல், இறந்து நாற்பத்தைந்து ஆண்டுகள் கழித்து. இவர்கள் யாரும் பிறர் கூப்பிடக் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. பாட்டும் கருவியும் ஒருவரிடமே இருந்தன. இருக்கையைத் தாங்களே சுமந்து சென்றார்கள். கிதார் தந்த இந்த விடுதலை மிருதங்கத்துக்கு இல்லை. ஒப்பீடு விலகும் இடம் இது.

எலிசபெத் காட்டனின் (1893–1987) கதையை இங்கே சற்று நின்று சொல்ல வேண்டும். இடக்கைப் பழக்கமுள்ளவர். வலக்கைக்காரருக்கான கிதாரைத் தலைகீழாகப் பிடித்து வாசித்துத் தனிப்பாணி கண்டார். பல பத்தாண்டுகள் கருவியைத் தொடாமல் இருந்து, சீகர் என்ற இசைக்குடும்பத்தின் வீட்டில் வேலை பார்த்தபோது மீண்டும் எடுத்தார். தொண்ணூறைக் கடந்த வயதில் கிராமி விருது பெற்றார்.

இடக்கை என்றதும் புதுக்கோட்டை வழிக்குத் திரும்ப வேண்டியிருக்கிறது. பழனி சுப்பிரமணிய பிள்ளையும் இடக்கைக்காரர். மிருதங்கத்தின் வலந்தலை அவையை நோக்கி இருக்க வேண்டும் என்பதால், இடக்கைக்காரர் அமர்ந்தால் மேடையின் அமைப்பையே மாற்ற வேண்டும். வயலின்காரர் இடம் மாறி உட்கார வேண்டும். பலர் இதற்கு ஒப்பவில்லை. செம்பை வைத்தியநாத பாகவதர் ஒப்பினார், தம் கச்சேரிகளில் அவரை அமர்த்தினார். அதன்பின் இடம் மாறி உட்காருவது யாருக்கும் சிரமமாக இல்லை.

ஆக, புதுக்கோட்டை வழிக்காகக் கச்சேரி மேடை இரண்டு முறை தன்னை மாற்றிக்கொண்டிருக்கிறது. தெருவிலிருந்து வந்த கஞ்சிராவுக்கு ஓர் இருக்கை போட்டது. இடக்கைக்காரருக்காக இருக்கைகளை இடம் மாற்றியது. அந்த மேடையால் பெண்ணுக்கு ஓர் இருக்கை போட முடியாமல் போனதை ‘மரபு’ என்ற சொல்லால் விளக்கிவிட முடியாது. மரபு வளையக்கூடியது என்பதற்கு இந்த ஊரே சான்று.

8. ‘முதல் பெண்’ என்னும் பட்டம்

ரங்கநாயகி அம்மாளைப் பற்றிய குறிப்புகள் பெரும்பாலும் ‘முதல் பெண்’ என்பதோடு நின்றுவிடுகின்றன. இந்தப் பட்டத்தில் ஒரு தீங்கு இருக்கிறது. முதல் என்று சொல்லிவிட்டால் இரண்டாவது எப்போது வந்தது என்று கேட்கத் தோன்றுவதில்லை. அவர் எப்படி வாசித்தார், எந்த நடையை விரும்பினார், தனியாவர்த்தனத்தில் குருவின் வழியை எப்படிக் கையாண்டார் என்ற கேள்விகளும் எழுவதில்லை. தட்சிணாமூர்த்திப் பிள்ளையைப் பற்றிப் பேசும்போது அவருடைய கணக்குகளைப் பேசுகிறோம். அவருடைய மாணவியைப் பற்றிப் பேசும்போது அவர் பெண் என்பதை மட்டும் பேசுகிறோம். ஆய்வாளர்கள் இதை உடனே திருத்திக்கொள்ள வேண்டும்.

இருக்கை கிடைக்காத இடத்தில் பெண்கள் தனி மேடை போட்டதும் நடந்தது. சுகன்யா ராம்கோபால் ‘ஸ்த்ரீ தாள் தரங்’ என்ற பெண்கள் குழுவைத் தொடங்கினார். திண்டுக்கல் சக்தி கலைக்குழுவின் பெண்கள் பறையைக் கையிலெடுத்தார்கள். அங்கே சாதி, பால் என்ற இரண்டு தடைகளையும் ஒன்றாக உடைக்க வேண்டியிருந்தது. ஆந்திரத்தின் தண்டமூடி சுமதி ராம்மோகன் ராவ் மிருதங்கத்துக்காக 2021இல் பத்மஸ்ரீ பெற்றார். இவை பெரிய முன்னேற்றங்கள். ஆனால் பெண்கள் மட்டுமே அமரும் குழு ஒரு தங்குமிடம்தான். ஆண் பாடகர் ஒருவர் தம் முக்கியமான கச்சேரிக்கு, விழாவின் சிறப்பு நிகழ்ச்சியாக அல்லாமல், வழக்கமான பக்கவாத்தியமாக ஒரு பெண்ணின் மிருதங்கத்தைக் கேட்டு வாங்குவதுதான் நான் சொல்லும் இருக்கை.

சென்னை மியூசிக் அகாதெமியின் சங்கீத கலாநிதி விருதைப் பாடகியரில் எம். எஸ். சுப்புலட்சுமி 1968இல் பெற்றார். வயலின் கலைஞர் ஏ. கன்யாகுமரி 2016இல் பெற்றார். மிருதங்கத்துக்காக மணி ஐயர் 1966இல் பெற்றார். பழனி சுப்பிரமணிய பிள்ளையின் மாணவர் திருச்சி சங்கரன் 2011இல் பெற்றபோது புதுக்கோட்டை வழியும் அந்த மேடை ஏறியது. தாளக் கருவி வாசிக்கும் பெண் ஒருவருக்கு அந்த விருது இன்றுவரை வழங்கப்படவில்லை.

மாவட்ட இசைப்பள்ளிகளில் மிருதங்கம் கற்பிக்கப்படுகிறது, பெண் பிள்ளைகளும் சேரலாம். அவர்கள் படித்து முடித்த பின் யார் கூப்பிடப் போகிறார்கள் என்பதே கேள்வி. புதுக்கோட்டையில் நவராத்திரிக்கோ கும்பாபிஷேகத்துக்கோ திருமணத்துக்கோ கச்சேரி ஏற்பாடு செய்யும் அன்பர்களிடம் ஒரு வேண்டுகோள்: பாட்டுக்கு யார் என்று முடிவானதும், மிருதங்கத்துக்கு ஒரு பெண்ணின் பெயரை நீங்களே சொல்லுங்கள். பாடகர் தயங்கினால் தட்சிணாமூர்த்திப் பிள்ளை தயங்கவில்லை என்பதைச் சொல்லுங்கள்.